நான்கு எழுத்து வித்தியாசம்

ஜூலை 9
இன்று ஆய்வகத்துக்கு ரத்த மாதிரிகள் பதினோரு குழாய்களில் வந்தன. நாக்கு நீலம் பாரித்து, வாய் புண்ணாகி, கன்று கலைந்த மாடுகளுடையவை. நோயைப் பரப்புவது கொசுவில் பாதிகூட இல்லாத ஒரு கடிபூச்சி. முதலில் எங்கிருந்து வந்தது என்று வைரஸின் மரபணு எழுத்துகளைப் படித்துச் சொல்வது என் வேலை.

அத்தானுக்கு மாடுகளுக்குச் சினை ஊசி போடும் தொழில். நோய் வந்த பண்ணைகளெல்லாம் அவர் போய்வரும் இடங்கள்தான்.
"அந்த மாட்டுத் தரகன் வெளியூர்லேருந்து லாரில கொண்டாந்து இறக்கின சனியன். சயின்டிஸ்ட்டம்மா, சீக்கிரம் அவன் பேரை எழுதிக் குடு."
"வைரஸ்ல பேரெல்லாம் இருக்காது அத்தான்."
"அப்புறம் என்னத்தப் படிச்சே?"
அக்கா சிரித்தாள். இது அவர்கள் வீடு, எனக்கு இதில் ஓர் அறை மட்டும்தான் என்பது இப்படிப்பட்ட காலைகளில் மறந்துபோகும்.

ஜூலை 15
ஏதோ தப்பு. மாட்டுக்கும் பூச்சிக்கும் மாறி மாறித் தாவும்போது வைரஸ் தன்னை நகலெடுப்பதில் பிழை விடும். ஆண்டுக்குச் சுமார் பத்து எழுத்து மாறும். ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே வந்த இதே நோயின் வைரஸோடு ஒப்பிட்டேன். தொண்ணூறு மாற்றம் இருக்க வேண்டும். நான்குதான் இருக்கிறது. ஒரு நாவலின் மறுபதிப்பில்கூட இதைவிட அதிகம் மாறியிருக்கும்.
இயக்குநர் சொன்னார்: "பழைய குழாய்லேருந்து ஏதாவது கலந்திருக்கும். வேற ரூம்ல திரும்பச் செஞ்சு பாரு."
கலந்திருக்கட்டும். என் தப்பாக இருந்தால் நிம்மதி.

ஜூலை 19
நான்குதான்.

ஜூலை 22
ஒன்பது வருடம் பிழையே விடாமல் எங்கே இருந்தது? உயிருள்ள எதிலும் இருக்க முடியாது. உறைகுளிரில்தான்.
அத்தான் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்: மூடிப்போன ஒரு பண்ணையின் பெரிய காளை, செத்து ஒன்பது வருடம், அதன் கடைசி உறைவிந்துக் குச்சிகள் தன்னிடம் மட்டும்தான் என்று. இந்த மே மாதம்தான் எடுத்து, நல்ல மாடாகப் பார்த்துப் போட்டார்.

ஜூலை 23
"அந்தக் காளையோட குச்சி ஒண்ணு வேணும் அத்தான்."
"எதுக்கு? மாடு வாங்கப் போறியா?"
"லேபுக்கு."
வேறெதுவும் கேட்கவில்லை. நைட்ரஜன் கேனிலிருந்து இடுக்கியால் எடுத்து, சின்ன பிளாஸ்கில் போட்டுக் கொடுத்தார். "பத்திரம். இனிமே கெடைக்காது."
ஏன் சொல்லவில்லை நான்? தரமாட்டார் என்றா? சொல்லியிருந்தாலும் தந்திருப்பார். அதுதான் —

ஜூலை 29
குச்சியில் வைரஸ் இருக்கிறது. அதே வைரஸ்.

ஜூலை 30
அறிக்கையைக் கொடுக்கும் முன் வீட்டில் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்த அத்தான் குழாயடியிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.
"அப்ப தரகன் இல்லையா," என்றார்.
அக்காதான் பேசினாள். "இவரு பேரைப் போடாம உன்னால எழுத முடியாதா?"
"எந்தெந்த மாட்டுக்குப் போட்டாருன்னு இவரு நோட்டுலதான்க்கா இருக்கு. அதை வச்சுத்தான் மத்த மாடுங்களை—"
"உன்னை நம்பித்தானேடி எடுத்துக் குடுத்தாரு."

ஆகஸ்ட் 6
சோதிக்காத குச்சியைப் பயன்படுத்தியதற்காக அத்தானின் உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். அக்கா என் தட்டை மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

ஆகஸ்ட் 20
விடுதிக்கு வந்துவிட்டேன். புத்தகம் வைக்க இடமில்லை. படிக்கவும் தோன்றவில்லை.

செப்டம்பர் 11
நோய் நிற்கவில்லை. ஆற்றைத் தாண்டிவிட்டது. வைரஸில் மாற்றங்கள் ஐந்து, ஆறு என்று கூடுகின்றன. இனி எல்லாம் பூச்சியின் கையில். தடுப்பூசி அடுத்த ஆண்டுதானாம். கண்டுபிடித்து என்ன கிழித்தேன்? ஒரு வீட்டை உடைத்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 3
இன்று நாற்பது குழாய்கள். படிவங்களில் எல்லாம் அத்தானின் கையெழுத்து.
பெட்டியைக் கொண்டுவந்த டிரைவர் சொன்னார்: "ஒருத்தர் மாட்டு டாக்டர்கூடவே வீடு வீடா வந்து மாட்டைப் பிடிச்சுக் குடுத்து, எழுதியும் தர்றாருங்க. சில வீட்ல வாசல்லயே நிக்க வச்சுத் திட்டிக் கிழிக்கிறாங்க. கேட்டுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போறாரு."
படிவத்தில் 'நோய் வந்திருக்கக்கூடிய வழி' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகத்தான் வரும். நாற்பதிலும் எழுதியிருக்கிறார்: 'என் ஊசி.'
இவற்றில் இருபத்தாறு மாடுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.
கணினியில் அந்தக் கட்டத்தில் 'பூச்சிக்கடி' என்று இருபத்தாறு முறை அடித்தேன். மற்ற பதினான்கும் அவர் நோட்டில் இருப்பவை; அவற்றில் அவர் எழுதியதை அப்படியே அடித்தேன்.