நீங்கள் சொல்லாததைச் சொன்னேன், அண்ணே

எப்போதும் என் பக்கம் நின்ற அண்ணனுக்கு,

உங்கள் மகள் சுமதி மலேசியாவுக்குத் திரும்பி வந்து மூன்று வாரமாக ஈப்போவில், என் வீட்டில் இருக்கிறாள். மருமகன் தோமஸ் லிதுவேனியாவில் இருக்கிறார். அவர்களைப் பிரித்து வைத்தவள் நான்தான்.

போன மாதம் ரஷ்யப் பக்கமிருந்து ஓர் ஆளில்லா விமானம் எல்லை தாண்டி லிதுவேனிய வயலில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் லிதுவேனியாவின் கூட்டணி நாடுகள் எல்லைக்குப் படைகளைக் கொண்டுவந்தன. அதைப் பார்த்து ரஷ்யாவும் கொண்டுவந்தது. முன்பே படைப்பயிற்சி பெற்றவர் என்று தோமஸையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"பயப்படாதீங்க அத்தை," என்றாள் சுமதி போனில். "ஒரு நாட்டைத் தொட்டா கூட்டணியே வரும். அதனால யாரும் தொட மாட்டாங்க லா."

எனக்கு உங்கள் பேச்சு ஞாபகம் வந்தது. பீடோர் பள்ளியில் நடத்திய வரலாற்றுப் பாடத்தைச் சாப்பாட்டு மேசையிலும் விடமாட்டீர்கள். முதல் உலகப் போர் எப்படி மூண்டது என்பதுதான் அது. செர்பியாவோடு ஆஸ்திரியாவுக்குத் தகராறு. செர்பியாவுக்கு ரஷ்யா, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி, ரஷ்யாவுக்குப் பிரான்ஸ். பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி நுழைந்ததும் பிரிட்டனும் இறங்கியது.

"கூட்டாளிய இன்னிக்கு விட்டுட்டா நாளைக்கு நமக்கு யாரு வருவான்னு பயம். அந்தப் பயந்தான் எல்லாரையும் இழுத்துட்டுப் போச்சு," என்பீர்கள். "கூட்டாளியே இல்லாத சின்ன நாடு என்ன செய்யும்?" என்று ஒருமுறை கேட்டேன். நீங்கள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தீர்கள். பதில் இருந்ததா, அண்ணே?

நீங்கள் போன பிறகு எனக்கு மிச்சம் சுமதி ஒருத்திதான். அந்தப் பயத்தில் போனில் அவளிடம் சொல்லிவிட்டேன். "சண்டை வர்ற மாதிரி இருந்தா சுமதிய வீட்டுக்குக் கூப்பிட்டுக்கன்னு உங்கப்பா கடைசியா சொன்னாரு." கடைசி நாளில் உங்களுக்குப் பேச்சே வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்காம் நாள் வந்து இறங்கினாள்.

அங்கே இரு பக்கத்துப் படைகளும் அப்படியே நிற்கின்றன. முதலில் பின்வாங்கினால் பயந்ததாகிவிடுமாம். தோமஸின் போன் வராத நாட்களில் சுமதி சாப்பிடுவதில்லை.

நேற்று சந்தையிலிருந்து திரும்பும்போது கேட்டாள். "அத்தை, அப்பா அத என்ன வார்த்தையில சொன்னாரு?"

காரை ஓரமாக நிறுத்தினேன். "சொல்லல, சுமதி. நானாத்தான் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெல்லச் சொன்னாள். "அப்பவே சந்தேகந்தான். அப்பா அப்படிப் பேசுற ஆளு இல்ல. எனக்கும் அங்கேருந்து ஓடி வர ஒரு சாக்கு வேணும்னு இருந்துச்சு. பயந்துட்டேன், அத்தை."

இருவரும் அழுதோம். வீட்டுக்கு வந்ததும் லிதுவேனியாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள்.

போர் வருமா, வராதா? நீங்கள் இருந்தால் அவளைப் போகச் சொல்வீர்களா? எனக்குத் தெரியவில்லை. விமான நிலையம்வரை நானே கார் ஓட்டிப் போகிறேன். "இங்கேயே இருந்துவிடு" என்று வழியில் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி இனி யாரையும் கட்டிப்போட மாட்டேன், அண்ணே.

உங்கள் ஒரே தங்கை,
இந்திரா