அத்தாவின் பங்குகளுக்கு நாங்கள் போட்ட விலை

என் பிரியமுள்ள அத்தாவே, உங்கள் மீது சாந்தி நிலவட்டும்.

நீங்கள் இல்லாத முதல் ரமலான் பாதி கழிந்துவிட்டது. காளவாசல் இரும்புக் கடையை அண்ணன் நன்றாகவே நடத்துகிறான். அம்மா நோன்புக் கஞ்சியில் இஞ்சியை அள்ளிப் போடுகிறாள். கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

ஒரு சங்கதி சொல்லவேண்டும். "வட்டி யாவாரமில்ல, சாராயமில்ல, மூளைய விக்கிறான், வாங்கலாம்" என்று சிறுகச் சிறுக வாங்கினீர்களே, அந்த சாப்ட்வேர் கம்பெனிப் பங்கு, அதன் விலை பாதியாகிவிட்டது. சந்தையே படுத்துக் கிடக்கிறது. இனி அந்த வேலையை எந்திரமே செய்யும் என்கிறார்கள்.

ரமலான்தோறும் கடைச் சரக்கையும் பங்குகளையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஜகாத்தாகக் கொடுப்பீர்கள். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? உங்கள் கணக்கு நோட்டைப் பார்த்து, போன வருடத் தொகையையே தருவதாகத் தெருவில் நாலு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். கையில் இருந்தது அதில் பாதிதான்.

"அத்தா குடுத்ததுல ஒரு ரூவா கொறைஞ்சாலும் அவருக்குக் கேவலம். இன்னும் எறங்குறதுக்குள்ள எல்லாத்தையும் வித்துருவோம்" என்றான்.

"பழைய வெல வரட்டும்ணே, அதுவரைக்கும் தொடாத" என்றேன் நான்.

குரல் ஏறியது. "நோன்பும் அதுவுமா சண்டை போடாதீக. அது எம்புட்டுப் பெறும்னு மொதல்ல பாருங்க" என்றாள் அம்மா.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தோம். அண்ணனின் செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். விலையைப் பார்த்துக்கொண்டே மதிப்புப் போட்டால் அது மதிப்பே இல்லை.

"நம்ம கடைய ஒருத்தன் வெலைக்குக் கேட்டா என்னத்தப் பாத்துச் சொல்லுவ?"

"வருசத்துக்கு எம்புட்டு மிஞ்சுது, கடன் எம்புட்டு, வாடிக்கை நிக்குமா. வேறென்ன?"

"அதையே இதுக்கும் பாரு."

கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினோம். கடன் இல்லை. லாபம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் புது வேலை தரத் தயங்குவதால், இனி வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். வந்த மதிப்பு, இன்றைய விலையைவிடச் சற்று அதிகம். போன வருட விலையைவிட மிகக் குறைவு. நான் காத்திருந்த பழைய விலைக்கு அந்தப் பங்கு ஒருநாளும் தகுதியானதாக இருந்ததில்லை அத்தா. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்ப ரெண்டு பேருமே தப்பு" என்று அண்ணன் சிரித்தான்.

அப்போதுதான் அம்மா பழைய கதை ஒன்றைச் சொன்னாள். "முன்ன ஒருக்கா சந்த விழுந்தப்ப அத்தாவும் கொறைச்சுத்தான் குடுத்தாக. அன்னைக்கு என்ன வெலையோ அதுக்குத்தான்னாக. ஆனா இப்ப வாக்குக் குடுத்தாச்சு, நிறைவேத்தணும்."

உங்கள் பங்குகளைப் பிரித்ததில் அண்ணனுக்கு வந்த பாகத்திலிருந்து, வாக்குக்குக் குறைந்த தொகைக்கு எத்தனை பங்கு வேண்டுமோ அத்தனையையும் நானே வாங்கிக்கொண்டேன், என் டீச்சர் சம்பளச் சேமிப்பில். நாங்கள் போட்ட மதிப்புக்கே வாங்கினேன்.

"சந்தையில கொறைச்சுக் கிடைக்குதே, கிறுக்கியா நீ?"

"நம்ம போட்ட மதிப்ப நாமளே நம்பலைன்னா எப்படிண்ணே?"

நாலு குடும்பத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. மற்ற பங்குகள் அப்படியே இருக்கின்றன. மனம் நிறைந்திருக்கிறது. போன வருடம் விலை ஏறியபோது அப்படிச் சிரித்தீர்களே, அது கூடுதல் விலை என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்காமல் விட்டேன்.

என் பங்குகளுக்கு ஓர் ஆண்டு நிறைவதால், அடுத்த ரமலானில் முதல் முறையாக என் மீதும் ஜகாத் கடமையாகிறது. ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அன்றைய விலைக்கே கணக்கிட்டுக் கொடுப்பேன். கொடுக்கும்போது உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் அத்தா. அது என் கடமை. உங்களுக்காக இறைவனிடம் கேட்கும் துஆ தனி.

இதுவரை உங்களிடம் வாங்கியே பழகிய,
உங்கள் மகள்.