அவரால் முடியாத ஒன்று

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அண்ணியின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மனம் நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் நீங்களே விடுங்கள். அண்ணியை நம்பினால் பாட்டில் அப்படியே இருக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மாப்பிள்ளையிடமும் கொடுத்தேன். படித்தார், மடித்து வைத்தார், பின்பக்கம் போய்க் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். விசாரணைக்கு முன்பே சபையின் நடுவில் நின்று அவர் மன்னிப்பு வாசித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறீர்கள். 'உன் பேச்சைத்தான் அவர் கேட்பார், நீ சொல்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். நான் சொன்னால் வாசித்துவிடுவார். அதனால்தான் நான் சொல்லப் போவதில்லை.

தலைமைப் போதகராகிய உங்களுக்கு இங்குள்ள மூப்பர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஆண்டவரால் முடியாது என்று சபைப் போதகராகிய உங்கள் மாப்பிள்ளையே துக்க ஆராதனையில் பேசினார் என்று எழுதியிருப்பார்கள். பேசினார்தான். ஆனால் நடுவிலிருந்து கேட்டால் எந்தக் கதையும் கோணலாகத்தான் இருக்கும். நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் சபையில் துறைமுகக் கிரேன் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரே பெண். எல்லாரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். பாடல் குழுவில் மற்றவர்கள் ஒரு வரியில் இருந்தால் இவள் அடுத்த வரியில் இருப்பாள். ஒரு வருடமாக மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தது நான்தான். ஒவ்வொரு முறையும் இதயத்தின் நிழல் படத்தில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 'அத்தை, என் படம் நல்லா விழுந்துச்சா' என்று கேட்பாள். 'சிரிச்சா இன்னும் நல்லா விழும்' என்பேன். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் மூப்பர்கள் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்தார்கள். முன்னின்று ஏற்பாடு செய்தவர் நம் மருந்துக் கடைக்கார மூப்பர். மருந்து வேண்டாம், விசுவாசம் போதும் என்று கூட்டத்தில் சாட்சி சொன்னவர், மறுநாள் காலையில் கடையைத் திறக்கத்தான் செய்தார். அது போகட்டும். வந்தவர் சிட்டுவின் தலையில் கை வைத்து, 'சர்வ வல்லவரால் ஆகாதது எதுவும் இல்லை, இது வேதத்தின் வாக்குத்தத்தம், பெற்றவர்கள் சந்தேகப்படாமல் இருந்தால் பிள்ளை பிழைப்பாள்' என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கிரேன் ஓட்டுநர் அன்றிலிருந்து சந்தேகப்படாமல் இருக்கப் பாடுபட்டார், அண்ணா. நான் கண்ணால் பார்த்தேன். மகள் இருமும்போது, அந்த இருமலே காதில் விழாதவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். அழுதால் சந்தேகம் என்று ஆகிவிடுமோ என்று பயந்து, அவள் இருந்தவரை அவர் அழவே இல்லை.

மழை தொடங்கிய வாரத்தில் சிட்டு போய்விட்டாள்.

துக்க ஆராதனையில் உங்கள் மாப்பிள்ளை வேதத்தைத் திறந்தார். அவர் வாசிப்பதற்குள் கிரேன் ஓட்டுநர் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. 'ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரால முடியுமா, முடியாதா? முடிஞ்சும் செய்யலன்னா அப்படிப்பட்டவர் எனக்கு வேண்டாம். முடியலன்னா, முடியும்னு எங்கிட்ட ஏன் சொன்னீங்க? நான் கொஞ்சம் சந்தேகப்பட்டதாலதான் எம்பொண்ணு போயிட்டாளா?' என்று கேட்டார்.

இந்த மாதிரி நேரத்துக்கு நம்மிடம் மூன்று பதில் தயாராக இருக்கும். அவருடைய சித்தம், நம் அறிவுக்கு எட்டாது, ஏதோ நன்மைக்காக என்று. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் உங்கள் மாப்பிள்ளைக்கு இன்று எந்தத் தொல்லையும் இல்லை. அவர் வேதத்தை மூடினார், மேடையிலிருந்து இறங்கிப்போய் அந்த மனிதரின் பக்கத்தில் நின்றார்.

'முடியல. அவரால முடியல. உங்க சந்தேகத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல' என்றார். பிறகு, 'தீ சுடும், கனமானது விழும், நோய் வந்தா உடம்பு வாடும்னு அவரே சட்டம் வச்சிருக்கார். நீங்க தூக்குற பாரம் ஆளுக்கு ஏத்த மாதிரி கனம் மாறினா, கிரேனுக்குக் கீழே யார் நிக்க முடியும்? வச்ச சட்டம், கொடுத்த வாக்கு, ரெண்டையும் அவரால மீற முடியாது. பொய் சொல்ல அவரால ஆகாதுன்னு வேதமே சொல்லுது. யாரும் சாக மாட்டாங்கன்னு அவர் வாக்குக் கொடுக்கல. கூட இருப்பேன்னுதான் கொடுத்தார்' என்றார்.

கிரேன் ஓட்டுநர் விடவில்லை. 'அந்தச் சட்டத்தை வச்சது யாரு? ஒரு பச்சப் பிள்ளைக்கும் அதே சட்டமா?' என்றார். 'அது எனக்குத் தெரியல' என்றார் இவர். அந்த மனிதர் அப்போதுதான் அழுதார். இவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆராதனை அப்படியே முடிந்தது.

கடல் பிளந்ததே, செத்தவர் எழுந்தாரே, அதெல்லாம் என்ன என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். நானும் கேட்டேன். தெரியவில்லை என்றுதான் எனக்கும் சொன்னார். முப்பது வருடப் பிரசங்கத்தில் அவர் வாயிலிருந்து வந்த எதையும்விட அந்தத் 'தெரியவில்லை' எனக்குப் பெரிதாகப் பட்டது.

இனி எழுதப்போவதை எந்தக் கடிதத்திலும் நான் எழுதியதில்லை. எங்கள் மகன் தொட்டிலில் காய்ச்சலோடு கிடந்தபோது நீங்கள் வந்து ஜெபித்தீர்கள். அவன் போன பிறகு, அடுத்த அறையில் அப்பாவிடம், 'இவளுக்கு விசுவாசம் பத்தலப்பா' என்றீர்கள். சுவர் மெல்லியது. நான் அதைக் கேட்டேன். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்கும் அப்போது சின்ன வயது, கற்றதைச் சொன்னீர்கள். ஆனால் அந்த வார்த்தையோடுதான் நான் இத்தனை வருடம் சமைத்தேன், வேலைக்குப் போனேன், பாட்டுப் பாடினேன். கிரேன் ஓட்டுநருக்குச் சொன்ன பதில் எனக்கும் சேர்த்துத்தான் என்று உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசத் தேவை இருக்கவில்லை.

அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

விசாரணைக்கு ஒரு நாள் முன்னதாக வாருங்கள். சபை விடுதியில் தங்க வேண்டாம், நம் வீட்டில் இருங்கள். தலைமைப் போதகராக உள்ளே போகும் முன், என் அண்ணனாக ஒரு வேளை என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை

* * *

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். புது வீட்டில் ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. கீழே சைக்கிள் கடை. காலையில் காற்றடிக்கும் சத்தத்தில்தான் விழிப்பு வருகிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு அது பிடித்திருக்கிறது. சபை வீட்டில் அலாரம் வைத்தும் எழாதவர் இப்போது எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறார். பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

விசாரணையன்று நானும் கிரேன் ஓட்டுநரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தீர்கள், எல்லாம் கேட்டது. அவர் சர்வ வல்லவர் என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் கேட்டதும், 'வல்லவர்தான். வாக்கு மாறாதவர். ரெண்டுல ஒண்ணை விடச் சொன்னா, முதல்ல சொன்னதை விடுவேன்' என்று இவர் சொன்னதும் கேட்டது. பிறகு கிரேன் ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டார்கள். போதகரின் பேச்சால் விசுவாசம் போய்விட்டதா என்று மருந்துக் கடைக்கார மூப்பர் கேட்டார். 'அது அதுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க. இவர் பேசுனதுக்கு அப்புறந்தான் இந்தக் கட்டடத்துக்குள்ள திரும்ப வந்தேன். கோவமாத்தான் வந்தேன். ஆனா வந்தேன்' என்றார் அந்த மனிதர்.

தீர்ப்பை நீங்கள் எழுந்து நின்று வாசித்தீர்கள். பிரசங்க மேடையிலிருந்து விலக்கம், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. இரண்டாவது வரியில் நிறுத்தினீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்து முடித்தீர்கள். அன்று மாலை எங்கள் முகத்தைப் பார்க்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். விதிகளைக் காப்பேன் என்று பதவியேற்கும்போது வாக்குக் கொடுத்தவர் நீங்கள். தங்கை வீட்டுக்காரருக்காக அதை மீறியிருந்தால் நாளை வேறு யார் உங்கள் சொல்லை நம்புவார்? உங்களால் முடியவில்லை. இவ்வளவு எழுதிய நான் அதற்காக உங்களைக் கோபித்தால் ஊர் சிரிக்கும்.

பயணச்சீட்டை மாற்றிப் போட்டு நீங்கள் தங்கியது எனக்குப் பெரிது. முட்டிவலியோடு அலமாரியின் ஒரு முனையை நீங்களும் மறு முனையைக் கிரேன் ஓட்டுநருமாகப் பிடித்து மாடி ஏற்றியதை எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். வளைவில் மாட்டிக்கொண்டபோது அவர், 'ஐயா, நீங்க தூக்காதீங்க, நான் சொல்றப்ப மட்டும் திருப்புங்க' என்று அதட்ட, நீங்கள் பேசாமல் திருப்பினீர்கள். இந்த வீட்டில் நாங்கள் முதலில் சிரித்தது அப்போதுதான். சிட்டு இருந்திருந்தால் இதைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பாள் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அன்னைக்கு அப்பாகிட்ட நான்...' என்று ஆரம்பித்தீர்கள். ரயில் நகர்ந்துவிட்டது. மீதியை எழுத நீங்கள் பல முறை பேனாவை எடுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். வேண்டாம், அண்ணா. கை பிடித்த விதத்திலேயே எனக்கு மீதியும் கேட்டுவிட்டது.

அண்ணிக்குக் கண் தெளிந்ததும் இருவரும் வாருங்கள். மாடி ஏற வேண்டியிருக்கும், ஆனால் நல்ல காற்று வரும். அதுவரை எங்களுக்காக ஜெபியுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், ஒன்றும் கேட்காமல் எங்களை நினைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். எனக்கு அது போதும்.

நீங்களும் அண்ணியும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள்,
தங்கை