ஒற்றைத் தாயக்கட்டை

திருக்காட்டுப்பள்ளி,
6.8.2025

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

குந்தவை எழுதுவது. எந்தக் குந்தவை என்று கேட்காதே. தஞ்சாவூர் ஹாஸ்டலில் மூன்று வருஷம் உன் பங்கு அப்பளத்தையும் சேர்த்துத் தின்ற அதே குந்தவைதான். இங்கே நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். குறுவை கதிர் வாங்கிவிட்டது. அங்கே நீயும், உன் கணவரும், உன் கோபமும் சௌக்கியமா?

போனில் பேசாமல் தபாலில் ஏன் என்று நினைப்பாய். கும்பகோணத்தில் உன் மருந்துக் கடை போர்டில் இருந்த நம்பருக்குப் பேசினேன். "நான் குந்தவை பேசறேன்" என்றேன். "சீட்டை வாட்ஸப்ல அனுப்புங்கம்மா" என்று வைத்துவிட்டாய். சரி, இதுதான் சீட்டு. படி.

போன வாரம் தமிழரசன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். சென்னையில் புத்தகம் போடுகிறவர். பையிலிருந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார் பார், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நம் 'கட்டையும் கதையும்'! எட்டு இதழும் இருக்கிறது, ஜெராக்ஸ் மை கூட மங்கவில்லை. ஹாஸ்டலில் நமக்குப் பக்கத்து அறையில் இருந்த தமிழ்நிலா அவருக்கு அக்காவாம். அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததைப் படித்தே வளர்ந்தாராம்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். திருடி, வைத்தியச்சி, படைத்தலைவி. நான் மதிலேறிக் குதிக்கிறேன் என்று நான் சொன்னால், குதித்தேனா விழுந்தேனா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அந்த விளையாட்டுக்கு நாங்கள் நடத்திய பத்திரிகை" என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப காலேஜ்ல படிக்கவே இல்லியா நீ?" என்றார்.

சாயங்காலம் வரை புரட்டிப் புரட்டிச் சிரித்தேன். நம் வார்டன் பூவம்மாளை இரண்டாம் இதழில் 'இம்மாத அரக்கி' ஆக்கியிருக்கிறோம். ஆயுதம் சாவிக்கொத்து, பலவீனம் ஏழரை மணி சீரியல். வாசகர் கடிதத்தில் ரெமிஜியஸ், அதிராம்பட்டினம் என்று ஒருவர் இதழுக்கு இதழ் உன்னை ஆகா ஓகோ என்று புகழ்கிறார். அவர் கையெழுத்தும் உன் கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்று.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டையும் ஒரே புத்தகமாகப் போட விரும்புகிறார். நாம் இருவரும் சம்மதிக்க வேண்டும். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "மேடம், எட்டாவது இதழ்ல செம்பாயி கொள்ளிடத்துல குதிக்கிறாங்க. ஒன்பதாவது வரவே இல்ல. பொழச்சாங்களா?"

நான் ஆடிய என் செம்பாயியை ஒருத்தர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார், ஜாஸ்! அவள் பிழைத்தாள் என்று நீ ஒரு வரி எழுதிக் கொடு. கதை நடத்தியவள் நீதான். நான் சம்மதிக்கிறேன்.

அன்புடன்,
குந்தவை


கும்பகோணம்,
14.8.2025

அன்புள்ள குந்தவைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சௌக்கியம்தான். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரியே இருப்பதில் மகிழ்ச்சி. டாக்டர் சீட்டு படித்துப் பழகியதால் தப்பித்தேன்.

தமிழரசன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். கடையில் கூட்டம் இல்லாதபோது படிக்கிறேன். நேற்று ஒருவர் இருமல் மருந்துக்குக் காத்திருக்க, நான் கல்லாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லூர்துராஜ் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ரெமிஜியஸைப் பற்றிக் கேட்டாய். 'ஆசிரியை குந்தவை ஓர் அறிவுச்சுரங்கம்' என்று நாலாம் இதழில் உருகிய வீரையன் யார்? அவருக்கும் கோழி கிளறிய கையெழுத்துதான்.

புத்தகம் வரட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் செம்பாயி செத்துவிட்டாள். நீ கட்டையை உருட்டினாய், விழுந்தது ஒன்று. என் சித்தப்பா டேவிட்சன் கப்பலிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் இதழ்களைப் பார்த்துத்தானே இதையெல்லாம் கற்றோம்? அதில் ஒன்று விழுந்தால் படுதோல்வி. வெள்ளத்தில் குதித்தவளுக்குப் படுதோல்வி என்றால் என்ன அர்த்தம்? ஒருவர் கண்ணீர் விடுகிறார் என்பதற்காக விதியை மாற்ற முடியாது. சீட்டு இல்லாமல் நான் தூக்க மாத்திரைகூடக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. அன்றைக்கு நீ கோபித்துக்கொண்டு போனபோது என் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை ஜோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மற்றொன்று இங்கே அலமாரியில் தனியாகக் கிடக்கிறது. அதை அனுப்பிவை.

அன்புடன்,
ஜாஸ்லின்


திருக்காட்டுப்பள்ளி,
22.8.2025

ஜாஸ்லினுக்கு,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. மன்னிக்காதே.

ஒன்று விழுந்தால் படுதோல்வியா? எந்த ஊரில்? உன் சித்தப்பா கப்பல் ஏறிய ஊரில் இருக்கலாம். இங்கே அதற்குப் பெயர் தாயம். தாயம் விழுந்தால்தான் காயே கட்டத்துக்குள் இறங்கும். தாயம் விழாமல் மதியம் முழுக்க வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த கதையெல்லாம் உனக்குத் தெரியாதா? உலகத்தில் தாயம் விழுந்து செத்த ஒரே பெண் என் செம்பாயிதான்.

அதோடு, அவள் குதித்த கொள்ளிடமே அங்கே இல்லை. ஐந்தாம் இதழில் நீ வரைந்த படத்தைப் பார். வடக்கே ஓட வேண்டிய கொள்ளிடத்தைக் காவிரிக்குத் தெற்கே ஓடவிட்டிருக்கிறாய். அந்த இடத்தில் குதித்தால் யாரோ ஒருவருடைய வாழைத்தோப்பில்தான் விழுவாள். கால் வேண்டுமானால் சுளுக்கியிருக்கும்.

சிரிக்காதே. நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அந்த வாரம் உனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நீ எனக்குச் சொல்லவில்லை, தமிழ்நிலா சொல்லித்தான் தெரியும். மறுநாள் ராத்திரி என் செம்பாயியை ஆற்றோடு அனுப்பினாய். இனி பத்திரிகை வேண்டாம், ஆட்டம் வேண்டாம், குந்தவையும் வேண்டாம் என்று கணக்கை முடித்துவிட்டாய் என்றுதான் எனக்குப் பட்டது. அப்புறம் தபாலில் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஓரத்தில் 'வாடி' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாயா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. நானும் வரவில்லை. கும்பகோணத்துக்குத் திருவையாறு வழியாக ஒரே பஸ். இருபது வருஷமாக அந்த பஸ் என் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஏறவில்லை.

உன்னோடு சிரித்த மாதிரி அதன் பிறகு நான் யாரோடும் சிரித்ததில்லை, ஜாஸ். அதைச் சொல்லத்தான் முதல் கடிதமே எழுதினேன். நீ கட்டையைத் திருப்பிக் கேட்கிறாய்.

தரமாட்டேன். அது எங்கள் வீட்டு ஜன்னல் ஆடாமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கிறது. செம்பாயி செத்தாள் என்றுதான் புத்தகம் முடியும் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை. அறுவடை முடிவதற்குள் உன் பதில் வராவிட்டால் தமிழரசனிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

குந்தவை


கும்பகோணம்,
30.9.2025

அன்புள்ள குந்தவைக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன், அன்புள்ள.

ஒரு மாதமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். மருந்து அட்டைப்பெட்டிக்குள் அடைக்கக் காகிதம் வாங்கும் செலவு மிச்சம்.

முதலில் படம். உண்மைதான், கொள்ளிடம் இடம் மாறியிருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் படத்தைத் தலைகீழாக வைத்தது யார் என்று யோசித்துப் பார். நான் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தேன்.

அடுத்தது கல்யாணம். என்னிடம் யாரும் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை, குந்தவை. லூர்துராஜ் நல்லவராக அமைந்தது கர்த்தர் கிருபை. ஆனால் அந்த வாரம் எனக்கு அது தெரியாதே? எல்லாவற்றையும் எல்லோரும் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் சொன்னால் நடக்கும் என்று இருந்த ஒரே இடம் நம் ஆட்டம்தான். அதிலும் நீ எழுந்து நின்று, "உன் விதியத் தூக்கிக் குப்பையில போடு" என்று கத்தினாய். உன்னிடம் சொல்லி அழலாம் என்று வந்தவள் நான். நீ கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். கல்யாணப் பத்திரிகையில் 'வாடி' என்று எழுத நினைத்தேன். நீ வராமல் போனால் தாங்கமாட்டேன் என்றுதான் எழுதவில்லை. கல்யாணத்தன்று சர்ச் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில், எல்லா போட்டோவிலும் எனக்குப் பக்கவாட்டு முகம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, கரண்டும் இல்லை. பொழுது போகாமல் நானும் லூர்துராஜும் சோழி எடுத்துத் தாயம் ஆட உட்கார்ந்தோம். அவருக்கு முதல் தடவையே தாயம். உடனே சோழியை அள்ளி மறுபடி குலுக்கினார்.

"என் முறைதானே இப்ப?" என்றேன்.

"தாயம் விழுந்தா இன்னொருவாட்டி போடணும். இதுகூடத் தெரியாதா?" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், குந்தவை. அவர் மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒன்று என்றால் தோல்வி என்று நான் கத்தினேன், தாயம் என்றால் வெற்றி என்று நீ கத்தினாய். கத்துகிற சுறுசுறுப்பில், தாயம் விழுந்தால் இன்னொரு முறை உண்டு என்பதை இரண்டு பேரும் மறந்தோம். சின்னக் குழந்தைக்குத் தெரிந்த விதி. உன் முறை முடியவே இல்லை. பாதியில் கட்டையோடு எழுந்து போய்விட்டாய்.

ஆகவே கதை நடத்துபவளின் தீர்ப்பு: செம்பாயி சாகவில்லை. பிழைக்கவும் இல்லை. இருபது வருஷமாகக் கொள்ளிடத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறாள். விதிக்கு மாறாக ஒரு வரிகூட எழுதித் தரமாட்டேன். நீயே வந்து போடு.

என்னிடம் ஒரு கட்டைதான் இருக்கிறது. மற்றதைக் கொண்டு வா.

உன்,
ஜாஸ்


திருக்காட்டுப்பள்ளி,
6.10.2025

அன்புள்ள ஜாஸ்,

அறுவடை முடிந்துவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது, வீட்டுக்காரர் அதற்குக் காவலாகத் தார்ப்பாயோடு கிடக்கிறார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஜன்னல் நேற்று ராத்திரியிலிருந்து டமடமவென்று அடித்துக்கொள்கிறது. அடிக்கட்டும்.

ஜெராக்ஸ் கடையில் தலைகீழாக வைத்தது நான்தான். கடைக்காரர் அவசரப்படுத்தினார். இதை ஒன்பதாவது இதழில் போடாதே.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது. மூன்றோ நாலோ விழுந்து அவள் நிஜமாகவே மூழ்கிவிட்டால் அழுவேன், சொல்லிவிட்டேன். ஆனால் தாயம் விழுந்தால் இன்னொரு முறை. அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தாலும் இன்னொரு முறை. எனக்கு எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும், உனக்குத் தெரியும். கடைசி பஸ் போய்விடும்.

எனக்கும் ஒரு பாய் எடுத்து வை.

உன்,
குந்தவை