கடைசியில் இறங்குகிறவர்கள்

காமகுரா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தேவானைக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். புது வீட்டு வேலை உனக்குப் பழகிவிட்டதா? கோடம்பாக்கத்திலிருந்து நந்தனத்துக்கு ஒரே பஸ் கிடைக்கிறதா? போனில் கூப்பிட்டால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் ஓட்டல் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், இந்த ஊர். கடல், கோயில்கள், வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தர். அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் இருக்குமே, அப்படிக் கூட்டம். பூஜா போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறோம் என்று சார்தான் டிக்கெட் போட்டார். அவள் இருந்தவரை மகாபலிபுரம்கூடப் போனதில்லை. வளர்ந்த பெண்ணைச் சக்கர நாற்காலியோடு எங்கே அழைத்துப் போவது, உனக்குத் தெரியாததா.

காலையில் ஒன்று நடந்தது. உன்னிடம்தான் சொல்ல முடியும். ஸ்டேஷன் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நாங்களும் எழுந்து ஒதுங்கி நின்றோம், முதலில் மற்றவர்கள் இறங்கட்டும் என்று. நான் இந்தப் பக்கம், சார் அந்தப் பக்கம். நடுவில் நாற்காலி அகலத்துக்கு இடம். கதவு மூடிக்கொண்டது. ரயில் கிளம்பிவிட்டது.

சார் என்னைப் பார்த்து, "நாம ஏன் நின்னுண்டே இருந்தோம், ரஞ்சனி?" என்றார். அவருக்கும் தெரியும். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தோம்.

புத்தரைப் பார்த்தோம். பெரிதாகத்தான் இருந்தார். யாரோ ஒரு பெண் எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தாள். அதில் சிரித்திருக்கிறோம். ஒரு கடையில் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டோம். நடக்கும்போது சாருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார், கொஞ்ச தூரத்தில் எடுத்துவிடுகிறார்.

காரியத்தன்று நீ, "இன்னாக்கா, இப்டியே குந்திக்கினு கீற, அழுதுடுக்கா" என்றாய். அழுகை இன்னும் வரவில்லை. கடலைப் பார்த்தும் வரவில்லை.

அந்தப் புது வீட்டுக் குழந்தையைத் தூக்கும்போது உன் இடுப்பைப் பார்த்துக்கொள். அவளுடைய அம்மா எங்கேயும் போக முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டால், பதில் எதுவும் சொல்லாதே. கேட்டுக்கொள், போதும். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

புதன்கிழமை வந்துவிடுவோம். லீவு கிடைக்கும் நாளில் வீட்டுக்கு வா. வேலை ஒன்றும் இல்லை. சும்மா வந்து என்னோடு கொஞ்ச நேரம் இரு.

இப்படிக்கு,
பூஜா அம்மா