பாலிஷ் பூசிய கட்டைவிரல்

ஆர்னல்ட்,

சாயங்கால விருந்துக்குத் தேங்காய் வாங்கச் சந்தைக்குப் போகிறேன். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. மூடியைத் திறந்து போடாதீர்கள், பூனை சுற்றுகிறது.

வித்தைக்கு நீங்கள் மாட்டும் ரப்பர் கட்டைவிரல் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அது வெள்ளைக்காரர்களுக்குச் செய்தது. போன மாதம் சர்ச் விருந்தில் அதை அப்படியே மாட்டிக்கொண்டு நின்றீர்கள். கைக்குட்டை மறைந்ததை யாரும் கவனிக்கவில்லை, விரலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இப்போது பழுப்பு ஷூ பாலிஷ் தேய்த்துக் காயவைத்திருக்கிறேன். அசல் உங்கள் நிறம். வெள்ளைக் கைக்குட்டை வேண்டாம், கறை ஒட்டும். என் சிவப்புப் பட்டுத்துணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

"பட்டாளம் ஆட்சியப் பிடிச்சதுக்குப் பயந்து என் மக ஏன் நாட்டை விட்டு ஓடணும்?" என்று கத்தினதோடு சரி, ஃபியோனாவோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நாளைக்கு அவள் பிரிஸ்பேன் போகிறாள். இன்றைக்கு அவளுக்கு எதிரே உட்கார்ந்து நீங்கள்தான் வித்தை காட்டப்போகிறீர்கள். எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

மியூரியல்

யங்கோனா வேர்ச்சாறு கலக்கிக் குடிப்பதெல்லாம் வித்தைக்குப் பிறகுதான். ஈரம் பட்டால் பாலிஷ் போய்விடும்.

இன்னொன்று. துணியை ரப்பருக்குள் திணிக்கும்போது நீங்கள் விரலைப் பார்த்தால் எல்லாரும் விரலைத்தான் பார்ப்பார்கள். அவள் முகத்தைப் பாருங்கள். வித்தை முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருங்கள்.