மேலே இடம் விடாத கிராஃப்

ஜூன் 16, 2001, சனி
இந்த நேரத்தில் உன்னைத் திறந்ததற்குக் கோபிக்காதே, நோட்டே. இரவு மணி பதினொன்றேகால். ஆஷா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று கிளினிக்கில் எடை 5.10 கிலோ. போன சனிக்கிழமை 5.15! கம்ப்யூட்டரில் கிராஃப் போட்டால் கோடு மலையுச்சியிலிருந்து குதிக்கிறது. பதினோரு வாரக் குழந்தைக்கு எடை குறையலாமா? என் பால் போதவில்லையா? ஜூலை இரண்டு நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இவளை இப்படி விட்டுவிட்டா?

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை.

ஜூன் 17
மாடியில் இருக்கும் நாத்தனார் சொர்ணம்தான் பகலில் ஆஷாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிராஃபைக் காட்டினேன். "என்னா அண்ணி, ஷேர் மார்க்கெட்டா?" சிரிப்பு வரவில்லை.

ஜூன் 18
கிராஃபை அச்செடுத்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு, டாக்டர் ரமாவிடம் ஓடினேன். அவர் கீழ்க்கோட்டில் விரலை வைத்தார். "இது எங்கேருந்து ஆரம்பிக்குது பாத்தீங்களா? நாலே முக்கால்லேருந்து! அம்பது கிராம் ஒரு தடவ ஒண்ணுக்குப் போனா போயிடும்மா. சளி வேற. சனிக்கிழமை கொண்டாங்க."

வெட்கம்! ஆபீசில் அடுத்தவர் கிராஃபில், "ஆக்சிஸை ஆட்டோவில் விடாதீர்கள், எல்லையைக் கம்ப்யூட்டரே வைத்தால் சின்ன வித்தியாசம் பூதமாகத் தெரியும்" என்று சிவப்புப் பேனாவில் எழுதுகிறவளே நான்தான். சொந்தப் பெண் என்றதும் —

ஜூன் 19
ஆக்சிஸை நானே சைபரிலிருந்து 5.2 வரை வைத்தேன். மலை மறைந்தது. கோடு ஏறக்குறைய தட்டை. கணவர் தியோடர் தோள்வழியே எட்டிப் பார்த்தார்.

"மேல எடமே உடலியே. உம் பொண்ணு வளர வேணாமா?"

"மொதல்ல வளரட்டும், அப்புறம் விடலாம்."

அவர் போய் ஆஷாவைத் தூக்கிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன்? பெற்றவள் சொல்லும் பேச்சா?

ஜூன் 22
நாளை எடை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜூன் 23
5.32!!

எண்ணைப் போட்டால் கோடு மேல் சட்டத்தில் முட்டி நிற்கிறது, புள்ளியையே காணோம். தப்பாக அடித்தேனோ என்று மூன்று தரம் பார்த்தேன். எண் சரி; நான் வைத்த எல்லைதான் போதவில்லை. பத்தாக்கினேன்.

"பத்தா? ஒரு வயசு வரைக்கும் தாங்கும்" என்றார் தியோடர்.

"தாங்கட்டுமே. அதுக்குமேல போனா பதினஞ்சாக்குறேன்."

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்தேன். மேலதிகாரி அர்ஜுனன் சாருக்கு மெயிலும் அனுப்பியாயிற்று: "சார், இரண்டாம் தேதி காலை வந்துவிடுகிறேன். லிங்கராஜபுரத்தில் என் வீடு ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் பத்தே நிமிடம். மதியம் ஒரு மணி நேரம் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."